ரயில்வே கேட்டில் நின்ற கல்யாணக் கார்

1988-ஆம் வருடம் மே மாதம், எனக்குக் கல்யாணம் நடக்க வேண்டிய நாள். ‘நடந்த நாள்’ என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அன்றைக்கு நடக்கவில்லை. எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கத்துக்குப் பக்கம். கல்யாணப் பூசை வைத்திருந்தது மாப்பிள்ளை ஊர் மாதா கோயிலில், வில்லியனூரை ஒட்டி. நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். அந்த ஒரு பகலுக்குள் ஒருத்தியின் மானமும் உயிரும் சேர்ந்து போய்விடப் பார்த்தது. அந்த ஒருத்தி நான்தான்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கம் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். சொல்தா வீடு என்றால் ஊரில் மரியாதையும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு. பட்டாளத்து வேலை முடிந்ததும் அங்கேயே பாரிசுக்குப் பக்கத்தில் கார் ரிப்பேர் செய்கிற கராஜ் ஒன்றில் சேர்ந்துவிட்டார். என் கல்யாணத்துக்காக ஆறு மாத லீவில் வந்தார். மற்றவர்கள் சென்ட் பாட்டிலும் சோப்பும் கொண்டு வருவார்கள். இவர் கப்பலில் காரையே கொண்டு வந்து இறக்கினார். லீவு முடிந்ததும் திருப்பி எடுத்துப் போய்விட வேண்டும் என்று அதற்குத் தனியாக பேப்பர் வைத்திருந்தார்.

இடது பக்கம் ஸ்டியரிங், உள்ளே ஏசி, உட்கார்ந்தால் அமுங்குகிற சீட். அம்பாசடரைத் தவிர வேறு எதையும் அதிகம் பார்க்காத ஊர் அது. வாசலில் எந்நேரமும் கூட்டம்தான். அதற்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று மாமா சொன்னபோது மட்டும் யாரும் நம்பவில்லை. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் விடலாம் என்று அதுவே ஓடி ஓடிப் பார்த்துக் கற்றுக்கொள்ளுமாம். கற்றதை ஞாபகமும் வைத்துக்கொள்ளுமாம். பேட்டரி ஒயரைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்தால் படித்ததெல்லாம் அழிந்துபோய், கம்பெனியில் செய்து விட்ட மாதிரி புதிதாக ஆரம்பிக்குமாம்.

வந்த புதிதில் கார் நன்றாகத்தான் ஓடியது. ஒரு மாதம் போன பிறகு பின்னால் கறுப்பாகப் புகை விட ஆரம்பித்தது. நிற்கும்போது உடம்பெல்லாம் உதறியது, பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்தது. மாமா பானட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு சிகரெட் பிடித்து முடித்து, மறுபடி மாட்டுவார். கார் சமர்த்தாகிவிடும். நாலைந்து நாளில் பழைய கதைதான். மறுபடி ஒயரைக் கழற்றுவார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் கேட்டார். “இன்னாபா, டெய்லி இதாண்டயே நிக்கிற? வண்டி இன்னா சொல்லுது?”

“படிக்கிற வண்டி பெரிப்பா. இங்க வந்து எல்லாத்தையும் தப்புத் தப்பா படிச்சி வெச்சிக்கிது. அதான் அழிச்சிட்டு வுடறன்” என்றார் மாமா. “உங்க ஊரு பெட்ரோலு, உங்க ஊரு வெயிலு, அதுக்கு ஒண்ணும் புரியல.”

‘மாமா காருக்கு மந்திரிக்கிறாரு’ என்று நாங்கள் பெண்கள் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அந்த மந்திரம் பலிக்கிற நாள் வரவரக் குறைந்துகொண்டே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை கழற்றியவர், கல்யாணம் நெருங்கியபோது தினமும் கழற்ற வேண்டி வந்தது. பந்தல்காரரைப் பார்ப்பாரா, காரைப் பார்ப்பாரா?

கல்யாணத்தன்று விடிந்ததும் மாமா முதல் வேலையாக ஒயரைக் கழற்றி மாட்டினார். கார் பூனை மாதிரி சத்தமில்லாமல் நின்றது. “இன்னிக்கு ஒழுங்கா இருக்கும் பாரு” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். பிறகு ஓட்டம்தான். பூ வாங்கப் புதுச்சேரிக்கு, பேண்டுக்காரர்களைக் கூட்டி வர, தவளக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நின்ற சொந்தக்காரர்களை ஏற்றி வர. இப்படி ஒரு ஓட்டத்தில் வாய்க்கால் மதகு மேல் ஏறி இறங்கும்போது, காரின் அடிவயிறு கல்லில் இடித்துப் புகைக்குழாய் எங்கேயோ விட்டுப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு டிராக்டர் மாதிரி ஒரு புடபுட சத்தம். “பூசை முடியட்டும், அப்பறமா கம்பி போட்டுக் கட்டிக்கலாம்” என்றார் மாமா. கல்யாண வீட்டில் யார்தான் காருக்கு அடியில் படுத்துப் பார்ப்பார்கள்?

என்னைக் காரில் ஏற்றினார்கள். புடவை கசங்கும் என்று பின்சீட்டில் தனியாக உட்கார வைத்தார்கள். தலையில் வெள்ளை நெட், அதன் மேல் பூக்கிரீடம். மண்ரோட்டுப் புழுதி நெட்டில் படியாமல் இருக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டார்கள். பின்னால் டிக்கியில் என் டிரங்குப் பெட்டி, பூக்கூடைகள், தாலி கட்டின பிறகு மாற்றிக்கொள்ளும் கூறைப்புடவை. டிக்கிக் கதவு மூடவில்லை. அரைவாசி திறந்தபடியே கயிறு போட்டுக் கட்டினார்கள். முன்னால் மாமாவும் அக்காவும். மாமாவுக்கு சிகரெட் பிடிக்க வேண்டும், அக்காவுக்கு ஏசி ஒத்துக்காது. இருவரும் தங்கள் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்திருந்தார்கள். என் பக்கம் இரண்டும் இறுக்க மூடியிருந்தன.

பாதி வழியிலேயே எனக்குத் தலை வலித்தது. நெற்றிப் பொட்டில் யாரோ கட்டை விரலால் அழுத்துவது போல இருந்தது. மல்லிகை வாசனை, அக்கா அடித்து விட்ட பிரான்ஸ் சென்ட், அதற்கு நடுவில் லேசாக ஒரு கருகல் வாடை. பூசையில் நற்கருணை அப்பம் வாங்க வேண்டும் என்று காலையிலிருந்து வெறும் வயிறு வேறு. பயத்தில் இப்படி இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். பாதியில் எந்த மணியில் இருந்தேன் என்பதே மறந்துபோனது.

கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் மாலையோடும் பன்னீர்ச் செம்போடும் நின்றார்கள். பேண்டு முழங்கியது. கதவைத் திறந்து இறங்கினேன். கால் தரையில் பட்டதும் உலகமே சுற்றியது. அத்தனை பேர் முன்னிலையில், பன்னீர் தெளிக்க வந்தவளின் காலடியில் வாந்தி எடுத்தேன். பிறகு அப்படியே உட்கார்ந்து, சரிந்துவிட்டேன்.

வேப்ப மரத்தடிக்குத் தூக்கிப் போனார்கள். யாரோ சோடா உடைத்தார்கள். “வெறும் வயித்துல கீறா, அதான், வேற ஒண்ணும் இல்ல” என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. காற்றுப் பட்டதும் எனக்கு மெல்ல மெல்லத் தெளிந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தெளிந்ததே வினையாகிப்போனது. காய்ச்சலாக இருந்தால் சுட வேண்டும், வயிற்றுக் கோளாறாக இருந்தால் தொடர வேண்டும். வந்த வேகத்தில் வந்து, போன வேகத்தில் போகிற வாந்தி எது என்று அங்கே நின்ற பெண்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது.

மாப்பிள்ளையின் பெரியம்மா என் பக்கத்தில் குந்தி, முதுகைத் தடவிக் கொடுக்கிற மாதிரி காதோரம் வந்து கேட்டார். “எத்தினி நாளு தள்ளிப் போயிருக்குது, எங்கிட்ட சொல்லும்மா.”

கோபம் கூட வரவில்லை. என்ன கேட்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. நான் புதுச்சேரி டவுனில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை பார்த்தவள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். வாயும் கொஞ்சம் நீளம். இதெல்லாம் அதுவரை யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் எல்லாம் ஒன்று சேர்ந்து சாட்சிக்கு வந்து நின்றன. “எனக்கு ஒண்ணும் இல்ல” என்றேன். யார் காதிலும் ஏறவில்லை. இன்னொரு முறை சொன்னேன். பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

அப்பா கோயில் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை கோட்டு போட்டுக்கொண்டு தூணோரம் நின்றார். என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா சத்தம் போடுகிறவர் இல்லை. புருஷனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்துவிட்டு, நிலத்தைத் தானே முன்னால் நின்று பயிர் வைத்து, ஒரே மகனை வளர்த்தவர். நிதானமாகப் பூசை வைக்க வந்த சாமியாரிடம் போனார். “பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல சாமி. டவுனுல டாக்டரம்மாவாண்ட காட்டிட்டு வந்துடறோம். அதுக்கப்பறம் பூசை வெச்சிக்கலாம்” என்றார். சாமியாருக்குப் புரிந்தது. அங்கே இருந்த எல்லாருக்கும் புரிந்தது. அம்மா கூட வரக் கிளம்பினாள். “வாணாம், நான் மட்டும் போதும்” என்று மாப்பிள்ளையின் அம்மா தடுத்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் வந்தால் டாக்டரம்மாவை மறைக்கச் சொல்லிவிடுவார்களாம்.

எதில் போவது? வாசலில் நின்ற ஒரே கார் மாமாவுடையது. அதே கார். அதே பின்சீட்டு. டிக்கியில் பெட்டியைக் கூட யாரும் இறக்கவில்லை. மாமா முகம் செத்துப்போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பின்னால் நானும் மாப்பிள்ளையின் அம்மாவும். நான் இறக்கப் போன கண்ணாடியை அவரேதான் மறுபடி ஏற்றிவிட்டார். கல்யாணப் பொண்ணு அழுதுகொண்டு போவதை வில்லியனூர்க் கடைத்தெரு பார்க்கக் கூடாதாம்.

கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பாமலே கேட்டார். “பயப்படாம சொல்லு. யாரு?”

“யாரும் இல்ல.”

“டவுனுல வேலை பாக்குற பொண்ணு...”

“டவுனுல பில்லு போடறன். புள்ள பெத்துக்கல.”

“வாயி மட்டும் கொறச்சல் இல்ல” என்றார்.

அரும்பார்த்தபுரம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பாதையில் எப்போதாவதுதான் ரயில் வரும். ஆனால் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே கேட்டைச் சாத்திவிடுவார்கள். லாரி, மாட்டு வண்டி, சைக்கிள் என்று வரிசை நின்றது. ஏசி ஓட வேண்டும் என்று எஞ்சினை நிறுத்தாமல் மாமா இறங்கிப் போனார். அவரால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார முடியவில்லை, பாவம். கேட்டோரம் போய் சிகரெட்டைப் பற்ற வைத்தார். திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தலையைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்திருந்ததைக் கோபம் என்று நினைத்துக்கொண்டாராம்.

உள்ளே நடந்ததில் எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். மறுபடி அந்த நெற்றிவலி. மாப்பிள்ளையின் அம்மா, “காத்தே வரமாட்டன்னுது. தலய இன்னாவோ பண்ணுது” என்றார். ‘நல்லா பண்ணட்டும்’ என்று மனசுக்குள் நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் அவருடைய தலை மெதுவாக என் தோளில் வந்து விழுந்தது. தள்ளிவிட நினைத்தேன், கை வரவில்லை. கண்ணாடியை இறக்க நினைத்தேன், அந்த நினைப்பு கைவரைக்கும் போய்ச் சேரவில்லை. பயமே இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. தூக்கம் வருவது போல, ரொம்பச் சுகமாக இருந்தது.

டக் டக் என்று ஒரு சத்தம். அதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை. மிச்சமெல்லாம் மாமா சொன்னது.

கேட் சாத்தினால் வண்டி வண்டியாகப் போய் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மா ஒருவர் அங்கே இருந்தார். டிரைவர் இருப்பார் என்று வலது பக்க முன்கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். அங்கே சீட் காலி. சரி, பின்னால் இருப்பவர்களைக் கேட்போம் என்று குனிந்து பார்த்திருக்கிறார். நெட்டும் பூக்கிரீடமுமாக ஒரு கல்யாணப் பெண், வாய் திறந்து எச்சில் ஒழுக. அவள் தோளில் வெள்ளைப் புடவைக்காரம்மா, கண் பாதி மூடி. இரண்டு தடவை தட்டினார். யாரும் அசையவில்லை. கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாராம். “யாரு வண்டிபா இது? உள்ள ரெண்டு பொம்பளைங்க கட்ட மாதிரி கீறாங்க.”

மாமா ஓடி வந்து கதவைத் திறந்தார். அந்த அம்மாதான் என் அக்குளில் கை கொடுத்து முதலில் என்னை இழுத்துப் போட்டது. லாரிக்காரர்கள் ஓடி வந்து மாப்பிள்ளையின் அம்மாவைத் தூக்கினார்கள். புளியமரத்து நிழலில் கிடத்தினார்கள். காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா கண் திறந்தார். திறந்ததும் வாந்தி எடுத்தார், என் பட்டுப் புடவை மேலேயே.

மாமா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பிக் காரைப் பார்த்தார். அது யாரும் இல்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. அடியிலிருந்து கறுப்பாகப் புகை வந்து, கயிறு கட்டிய டிக்கிக்குள் நேராக நுழைந்துகொண்டிருந்தது. ஓடிப் போய்ச் சாவியைப் பிடுங்கினார். அப்படியே ரோட்டில் மண்டி போட்டு, தலையில் அடித்துக்கொண்டார். பனிக்காலத்தில் கராஜ் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுச் செத்த ஆட்களைப் பற்றி அவர் அங்கே கேள்விப்பட்டிருக்கிறார். புகையைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். தெரிந்தவர் கையாலேயே இது நடந்தது.

கேட் திறந்ததும் காலி டிராக்டர் ஒன்றின் டிரெய்லரில் எங்களை ஏற்றினார்கள். மூடின வண்டி வேண்டாம், காற்று வேண்டும் என்று மாமா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அந்த உச்சி வெயிலில், பூக்கிரீடத்தோடு ஒரு பெண்ணும் அவள் மாமியாராக வேண்டியவரும் டிராக்டரில் படுத்துக்கொண்டு புதுச்சேரிக்குள் போனதை அன்றைக்குப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. எனக்கு அரைகுறையாக நினைவு வந்தபோது வெள்ளரிக்கார அம்மா என் தலையை மடியில் வைத்திருந்தார். பாதி வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் எங்களை இறக்கிவிட்டுப் போனவரை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. எத்தனையோ தடவை அந்த கேட்டில் நின்று தேடியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மூக்கில் ஆக்சிஜன். எஞ்சின் புகை ரத்தத்தில் ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் எழுந்திருக்க மாட்டீர்கள் என்றார் டாக்டர். எங்களோடு வந்த மாமா வார்டு வாசலிலேயே நின்றார்.

சாயங்காலம் ஆனபோது எனக்குத் தலை நன்றாகத் தெளிந்தது. எதற்காகக் காரில் ஏறினோம் என்பதும் நினைவுக்கு வந்தது. பக்கத்துக் கட்டிலில் மாப்பிள்ளையின் அம்மா மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நர்சம்மா ரத்த அழுத்தம் பார்க்க வந்தாள். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆக்சிஜன் குழாயை இழுத்துவிட்டு, வார்டுக்கே கேட்கிற மாதிரி கேட்டேன்.

“அத்த, நீங்களும் வாந்தி எடுத்தீங்களே. உங்களுக்கு எத்தினி மாசம்?”

புருஷன் செத்துப் பல வருஷம் ஆன ஒரு பெண்ணிடம், ஐம்பது வயதைத் தாண்டியவரிடம், யாரும் கேட்கக் கூடாத கேள்வி. எனக்கே தெரியும். நர்சம்மா அப்படியே நின்றுவிட்டாள். எதிர்க் கட்டில் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன், எழுந்து வந்து அறைவார் என்றுகூட நினைத்தேன். அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். போர்வை குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. வெகு நேரம் கழித்து முகத்தைத் திறந்தபோதுதான் அழுதிருக்கிறார் என்று தெரிந்தது.

“டாக்டர் வந்தா சொல்லும்மா” என்றார் நர்சிடம். “இந்தப் பொண்ணுக்கு வேற எதுவும் பாக்க வாணாம். நான் இட்டாந்தது தப்பு.”

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை வந்தார். கோயிலுக்குச் சேதி போய், இரண்டு வீட்டாரும் பதறியடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் என் கட்டிலருகே வந்து நின்றபோது நான் கேட்டேன். “அங்க நிக்கும்போது நீங்க இன்னா நெனைச்சீங்க?”

“ஒண்ணும் நெனைக்கல. பயமா இருந்துச்சி. எல்லாரும் என்னியே பாத்தாங்க” என்றார்.

வேறு ஏதாவது சொல்லியிருந்தால், ‘உன்னை நான் சந்தேகமே படவில்லை’ என்று வீரம் பேசியிருந்தால், அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று எழுந்து போயிருப்பேன். பயந்தேன் என்று ஒப்புக்கொண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டாவது வாழலாம் என்று தோன்றியது. அந்த வாரமே ஒரு காலைப் பூசையில், பேண்டு இல்லாமல், சாதாரணப் புடவையில் எங்கள் கல்யாணம் நடந்தது. கோயிலுக்கு நான் மாட்டு வண்டியில் போனேன். முன்னும் பின்னும் திறந்த வண்டி.

காரை மாமா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அடுத்த நாளே அடியில் படுத்துப் புகைக்குழாயைக் கழற்றினார். அதில் விரல் நீளத்துக்கு ஒரு சாமான் செருகியிருந்தது. அதுதான் அந்தக் காருக்கு மூக்காம். புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லுமாம். ஈயம் கலக்காத பெட்ரோலுக்கென்று செய்தது. நம் ஊரில் அப்போது ஈயம் கலந்த பெட்ரோல்தான். ஈயம் படிந்து படிந்து அந்த மூக்கு செத்துப் போயிருந்தது. அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் பெட்ரோல் போதவில்லை என்ற ஒரே பதில்தான் அதனிடம். கம்ப்யூட்டரும் அதை நம்பி மேலும் மேலும் விட்டிருக்கிறது. அந்தக் கூடுதல் பெட்ரோலின் விஷப் புகைதான் உடைந்த குழாய் வழியாகக் காருக்குள் வந்தது.

“நான் அது படிச்சத அழிச்சிக்கினே இருந்தன். ஏன் தப்பா படிக்குதுன்னு ஒரு நாளும் பாக்கல” என்றார் மாமா. கையில் அந்தச் சாமானை உருட்டிக்கொண்டே சொன்னார். காலையில் அழித்ததை, பத்து மணிக்குள் பூவையும் பேண்டுக்காரர்களையும் ஏற்றி இறக்கின ஓட்டத்திலேயே கார் திரும்பவும் கற்றுக்கொண்டுவிட்டது. லீவு முடியும்வரை அவர் அந்தக் காரை ஓட்டவே இல்லை. தார்ப்பாய் போட்டு மூடி, அப்படியே கப்பலேற்றினார்.

என் மாமியார் அதற்கப்புறம் வெகுநாள் இருந்தார். மன்னிப்பு என்று வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால் ஊரில் எந்தக் கல்யாணத்தில் எந்தப் பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும், மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்குள் இவர் எழுந்து போய், “காத்து வுடுங்கடி. அவ எதுல வந்தான்னு கேளுங்க” என்பார். எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனால் தனியாக இருக்கும்போது வேறு ஒன்று தோன்றும். அன்றைக்கு மாமியார் என் கூடப் பின்சீட்டில் ஏறாமல் இருந்திருந்தால்? மாமாவுக்குப் பக்கத்தில், கண்ணாடி இறக்கிய முன்சீட்டில் உட்கார்ந்திருந்தால்? கேட்டில் அவரும் காற்றாட இறங்கி நின்றிருப்பார். பின்சீட்டில் நான் மட்டும் சாய்ந்து கிடந்தால், அழுது களைத்துத் தூங்குகிறாள் என்று வெள்ளரிக்கார அம்மாவும் போயிருப்பார்; நான் சத்தமில்லாமல் செத்துப் போயிருப்பேன். கல்யாணத்தன்று கோயில் வாசலில் வாந்தி எடுத்தவள், டாக்டரிடம் கூட்டிப் போகும் வழியில் செத்துப்போனாள் என்றால் ஊர் என்ன சொல்லும்? குட்டு வெளியில் வந்துவிடும் என்று விஷத்தைத் தின்றுவிட்டாள் என்றுதான் சொல்லும். காரின் புகையை யார் நினைத்துப் பார்த்திருப்பார்கள்? தற்கொலை என்றால் கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களோடு எனக்கு இடம் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். அப்பா அந்தப் பேச்சோடுதான் மிச்ச நாளைக் கழித்திருப்பார். என் வாயால் இரண்டு தடவை சொன்னதை நம்பாதவர்கள், இன்னொருத்தி என் பக்கத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் என்னை நம்பினார்கள். செத்துப் பிழைத்ததை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அப்படி ஒரு பெயரோடு என்னைப் புதைத்திருப்பார்கள் என்பதை மட்டும் இந்த வயதிலும் மறக்க முடியவில்லை.